ஐந்தாவது அம்பு

துர்சுன் என் தங்கை புருஷன். அவன் முதல் அம்பை நாணில் மாட்டினான். இன்றைக்கு ஐந்தில் ஒரு அம்பாவது தொள்ளாயிரம் கெஜம் போய் விழுந்தால்தான் இந்த மைதானத்தில் அவனை வில்லாளி என்று ஒத்துக்கொள்வார்கள். ஐந்தும் நான் செய்தவை.

நாலைப் பற்றிக் கவலையில்லை. அம்பின் பின்முனையில் நாணில் மாட்டுகிற காதை மீன் பசையால் ஒட்டினால் பத்து நாளாவது அடுப்புச் சூட்டில் காயவேண்டும். பாழாய்ப்போன தெற்குக் காற்றில் இஸ்தான்புல்லே நசநசத்துக் கிடந்தது. அவசரத்தில் ஒன்றை மூன்றே நாளில் எடுத்துவிட்டேன். தங்கை ஐந்தையும் ஒன்றாகச் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள். எது எது என்று எனக்கே தெரியவில்லை! இழுக்கும்போது அந்தக் காது பிளந்தால், அம்பு அவன் இடது கையிலேயே பாயும்.

சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒவ்வொரு தண்டிலும் என் பெயர் பொன் எழுத்தில் மின்னுகிறதே, மானம் போய்விடுமே என்று நின்றேன். அதோடு, வில்லைத் தூக்கிவிட்டால் யாரும் வாய் திறக்கக் கூடாது. அது இங்கே கட்டுப்பாடு.

"யா ஹக்!" என்று கடவுளைக் கூவி விட்டான். முதல் அம்பு பறந்தது. அவன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லையில் நின்றவர்கள் துணியை ஆட்டினார்கள். குறைவு.

இரண்டாவதும் குறைவு. மூன்றாவதும். நாலாவது இருபது கெஜத்தில் தவறியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது எனக்கு.

மிச்சம் ஒன்று. அப்படியென்றால் அதுதான் அந்தச் சனியன்.

வில் உயர்ந்தது. ஓடினேன்.

"மாப்ளே, விடாதே! பசை காயல!"

"யோவ், உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று மைதானத் தலைவர் கத்தினார். நான் அம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தேன்.

நடுத்தண்டு முறிந்தது. காதோ கல் மாதிரி இருந்தது. எத்தனை முறுக்கியும் அசையவில்லை. ஐயோ, நல்ல அம்பையல்லவா ஒடித்துவிட்டேன்!

அதற்குள் எல்லையிலிருந்து மற்ற நாலையும் கொண்டுவந்தார்கள். துர்சுன் ஒவ்வொன்றாய்ப் பார்த்தான். இரண்டாவதாக விட்டதின் காது இறகு வரைக்கும் பிளந்திருந்தது. அந்தப் பிளவில் நகத்தை ஓட்டினான். இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

"கடைசி அம்புக்கு ஓடிவந்தியே, மச்சான்" என்றான் மெதுவாக. "இதை நான் இழுக்கும்போது எங்க நின்னுட்டிருந்தே?"

அவனுக்குப் பத்தடி பின்னால்தான் நின்றிருந்தேன்.