எக்காரணம் கொண்டும்

நீதிபதி ஐயாவுக்கு நாங்கள் வைத்த பெயர் மைக். பதினோரு வருடமாக அவர் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுத்துத் தட்டச்சு செய்கிறவள் நான். பெயர் வைத்ததில் என் பங்கும் உண்டு. அவர் இரண்டு தடவை சட்டசபை உறுப்பினராக இருந்தவர். மூன்றாவது தடவை தொகுதிக்காரர்கள் கைகழுவிவிட்டார்கள். கறுப்புக் கோட்டைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டு மறுபடி வக்கீல் தொழிலுக்கு வந்து, பிறகு உயர் நீதிமன்ற நீதிபதியானார். சபைப் பழக்கம் மட்டும் போகவில்லை. நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும் என்னிடம் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசுவார். சாயங்காலமானால் எனக்குத் தலை விண்விண்ணென்று தெறிக்கும்.

அந்தக் குரல் இறங்கியது பிரஸ் மெஷின்காரர் வழக்கில்தான்.

தகர டப்பாத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். ஒருநாள் மெஷின் அவருடைய வலது கையின் நாலு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. வேலையில் அடிபட்டவருக்கு அதே இடத்தில் இலகுவான வேறு வேலை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அவர் கேட்டது, வாசல் கேட்டில் வந்துபோகும் லாரிகளின் எண்ணைக் குறித்துவைக்கிற வேலை. இடது கையால் எழுதக்கூடப் பழகிவிட்டார். ஆனால் அடிபட்ட தொண்ணூறு நாளுக்குள் மனு கொடுக்க வேண்டுமாம். கையில் சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் கிடந்த மனிதர் தொண்ணூற்றேழாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தார். நிர்வாகம் வாங்க மறுத்துவிட்டது.

கேஸ் கட்டைப் படித்த அன்று ஐயா சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை.

"இந்தத் தொண்ணூறு நாள் பிரிவ சபையில கொண்டுவந்தது யார் தெரியுமாம்மா?" என்றார். "நான்தான்."

முன்பு ஒரு வருடம் அவகாசம் இருந்ததாம். முதலாளிகள் சங்கம் கட்சியில் போய்ப் புலம்ப, சட்டம் படித்தவர் என்று இவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். 'இக்கெடு எக்காரணம் கொண்டும் நீட்டிக்கப்படலாகாது' என்ற வரியை இவரே பேனாவால் சேர்த்தாராம்.

"எந்த ஜட்ஜாலயும் இதுல ஓட்ட போட முடியாதுன்னு பெருமையா பேசினேன். எல்லாரும் மேசையத் தட்டினாங்க."

"ஆஸ்பத்திரியில கிடக்கறவங்களப் பத்தி யாருமே கேக்கலையாய்யா?" என்றேன். என் வாய் சும்மா இருந்தால்தானே.

"எதிர்க்கட்சியில ஒரு டீச்சர் கேட்டாங்க. அதெல்லாம் விதிகள் எழுதும்போது பாத்துக்கலாம்னு சொல்லி உக்கார வெச்சுட்டேன். அப்புறம் நானும் பாக்கல, யாரும் பாக்கல."

மறுநாள் திறந்த நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் சொல்லி, வழக்கிலிருந்து விலகிக்கொள்வதாகச் சொன்னார். இரண்டு வக்கீல்களும் நீங்களே விசாரியுங்கள் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். தன் கையால் எழுதியதைத் தானே அழிக்க மாட்டார் என்று நிர்வாகத்தின் வக்கீல் கணக்குப் போட்டார். மனசு உறுத்தாமலா போகும் என்று மெஷின்காரரின் வக்கீலம்மா நினைத்தார். இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு இரண்டு வாரம் ஐயா தன்னுடைய ஒரே வரியோடு மல்லுக்கட்டினார். ஆஸ்பத்திரியை விட்டு வந்த நாளிலிருந்து எண்ணலாமா என்று பார்த்தார். 'அடிபட்ட தேதியிலிருந்து' என்று அவரே எழுதியிருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டையே மனுவாக எடுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தார். மனுவுக்கான படிவத்தையும் அவரே சட்டத்தோடு இணைத்திருந்தார். சட்டமே செல்லாது என்று சொல்லவும் வழியில்லை. பெரிய பெஞ்ச் ஒன்று செல்லும் என்று எப்போதோ சொல்லிவிட்டது. ஆறு வரைவுகள் தட்டச்சு செய்தேன். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, "நிக்காதும்மா" என்று திருப்பிக் கொடுத்தார். நாலாவதிலிருந்து நானும் எப்படியாவது ஒரு ஓட்டை அகப்படாதா என்று ஏங்க ஆரம்பித்துவிட்டேன். எனக்குச் சம்பளம் அபிப்பிராயம் இல்லாமல் இருப்பதற்குத்தான்.

"அப்ப எனக்கு ரொம்பப் புத்தி இருந்திருக்கு" என்றார் ஒரு மத்தியானம், கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டே.

"வேற ஜட்ஜுக்கு அனுப்பிடுங்களேன்யா. நீங்க ஏன் இந்தப் பாவத்தக் கட்டிக்கணும்?"

"அங்கயும் இதே வரிதானேம்மா இருக்கும். ரெண்டு வருஷம் இழுத்துட்டு அவரும் இதையேதான் சொல்வார். சொல்ற வாய் என்னோடதாவே இருக்கட்டும்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் மீதா, அந்த வரி மீதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தீர்ப்பு நாளில் பிரஸ் மெஷின்காரரை முன்னால் வரச் சொன்னார். சட்டையில் கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார் அவர். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் வணக்கம் வைத்தார். ஐயா தீர்ப்பைப் புரட்டவில்லை. எனக்கே எட்டிக் கேட்க வேண்டியிருந்த குரலில் பேசினார்.

"உங்க மனு தள்ளுபடி ஆகுது. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நீங்க சொன்னது அத்தனையும் உண்மை. இந்த வரிய எழுதினவன் நான்தான். அன்னைக்கு உங்கள மாதிரி ஒருத்தர நான் நெனச்சுக்கூடப் பாக்கல."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்பட்டிருந்தால் எங்களுக்கும் சௌகரியமாக இருந்திருக்கும். தன் வக்கீலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மேலே உட்கார்ந்திருந்த ஐயாவைப் பார்த்தார்.

"ஏழு நாள்தானேங்க" என்றார்.

ஐயா என் பக்கம் திரும்பினார்.

"அத எழுதிக்குங்கம்மா."

"எதய்யா?"

"அவர் இப்ப சொன்னத. தீர்ப்புல கடைசி வரியா அது இருக்கட்டும். அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். கண் கலங்கிவிட்டதால் கோடு கோணலாகப் போயிற்று. பெஞ்ச் கிளார்க் அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டார். வக்கீல்கள் கட்டுகளை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். பிரஸ் மெஷின்காரர் மட்டும் நகரவில்லை. தான் கேட்டதற்குப் பதில் வரும் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.