பத்துப் பாயிண்ட் கை

“பன்னிரண்டு பாயிண்ட் இல்லாம ஏலத்தை ஆரம்பிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“எல்லாத்துக்கும் பன்னிரண்டு இருக்கான்னு பாத்துட்டிருந்தா உங்கிட்ட கல்யாணப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். அன்னிக்கு என் கையில ஒம்பதுதான்.”

“எட்டு. மீசையையும் சேத்து.”

“சரி டீச்சர், எட்டு. பத்து வந்தா என்ன பண்ண?”

“உங்களுக்கு முன்னாடி ரெண்டு பேர் பாஸ் சொல்லியிருந்து, அஞ்சு இஸ்பேடும் இருந்தா ஆரம்பிங்க. இல்லேன்னா பாஸ். எதுவானாலும் டக்குனு சொல்லிடுங்க. கார்டையே பாத்துக்கிட்டு யோசிச்சிட்டு உக்காராதீங்க.”

“யோசிச்சா?”

“நான் கவனிக்கவே மாட்டேன். இனிமே நீங்க வாயால சொல்றது மட்டும்தான் எனக்கு.”

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், பிரிட்ஜ் சீட்டாட்டக் கிளப்பிலிருந்து வீடு திரும்பும் பஸ்ஸில் அவளும் கணவரும் பேசியது. அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளுக்கு இப்போது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. உடம்பைக் கொடுப்பதற்கு முன் போட்டுவிட நல்ல துணியாக ஒரு செட் அனுப்பச் சொல்லியிருந்தார்கள் ஆஸ்பத்திரியில். அவள் காலரை இரண்டாம் முறையாகத் தேய்த்தாள்.

அன்று பஸ்ஸில் அவ்வளவு கோபம் வந்ததற்குக் காரணம் இருந்தது. ஏலத்தில் அவர் முறை வந்தபோது சீட்டுகளை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கி, கடைசியில் பாஸ் சொன்னார். அந்தத் தயக்கத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது, ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்கிற மாதிரி பத்துப் பாயிண்ட் கை. துணிந்து ஏலத்தை ஏற்றினாள், ஜெயித்தாள். எதிராளிகள் ஆட்சேபித்துக் கையைத் தூக்கினார்கள். கிளப்பில் தீர்ப்புச் சொல்கிறவர், எல்லோரும் அம்பயர் என்று கூப்பிடுகிற மனிதர், மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு வந்து நின்றார். “பார்ட்னர் சொன்னதை வச்சுத்தான் ஆடணும் டீச்சர். அவர் தயங்கினதை வச்சு ஆடக் கூடாது. இந்த ஆட்டம் செல்லாது.”

முப்பது பேர் முன்னால். காப்பியடித்த பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிறுத்துகிற கணக்கு டீச்சர் அவள்.

அதற்கப்புறம் பழகிக்கொண்டாள். அவர் முறை வந்தால் சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே இருந்த ஆணியைப் பார்ப்பாள். அவர் எவ்வளவு நேரம் எடுத்தாலும் அவளுக்குக் கணக்கில்லை. அந்தப் பழக்கம் சீட்டாட்ட மேஜையோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

இன்று காலை சமையலறையில் அவர் டம்ளரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“ஏங்க, முகம் ஒரு மாதிரி இருக்கே. உடம்புக்கு என்ன?”

ஸ்பூன் நின்றது. மூன்று விநாடி இருக்கும். மறுபடி சுற்றியது.

“ஒண்ணுமில்ல. சரியா தூங்கலை.”

அவள் பையை எடுத்துக்கொண்டு டியூஷனுக்குப் போனாள். பத்தரைக்குத் திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் இருந்தார். ஒரு காலில் ஷூ மாட்டியிருந்தது. இன்னொன்று கையில்.

அப்போதிலிருந்து வீட்டில் எந்தச் சத்தம் நின்றாலும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஃபிரிட்ஜ் மோட்டார் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்து வீட்டில் துணி துவைக்கும் மெஷின் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு தடவையும் மூன்று முடிந்ததும் முதுகுக்குப் பின்னாலிருந்து “ஒண்ணுமில்ல” என்று வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தபோது அம்பயர் உள்ளே வந்தார். மதியப் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த மகளைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வந்திருந்தார். எழுபது வயசு. உட்காரச் சொன்னதும் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“நாப்பது வருஷமா தீர்ப்பு சொல்றேன் டீச்சர். உங்க மாதிரி ஒரு நேர்மையான பார்ட்னரைப் பாத்ததில்ல. அந்த மனுஷன் அரை மணி நேரம் முழிச்சாலும் நீங்க திரும்பக்கூட மாட்டீங்க.”

அவள் சட்டையை மடித்தாள்.

“சார், மூணு செகண்ட் எல்லாம் ஒரு தயக்கமா?”

அவர் ஆட்டத்தைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். துக்க வீட்டில் பேச ஒரு விஷயம் கிடைத்த நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

“மத்தவங்களுக்கு இல்ல. உங்க வீட்டுக்காரருக்குத் தயக்கம்தான். நல்ல கைன்னா டக்குனு சொல்லிடுவாரு, மட்டமான கைன்னாலும் டக்குனு பாஸ். இழுபறியா இருந்தாத்தான் மூணு செகண்ட். கிளப்ல எங்க எல்லாருக்கும் தெரியுமே!” சிரித்தார். பிறகு சிரிக்கக் கூடாது என்று ஞாபகம் வந்து எழுந்துகொண்டார். “நான் கீழ கார்ல இருக்கேன்மா.”

எல்லாருக்கும் தெரியும்.

மகள் ஈர முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள். துணிப்பையை வாங்கிக்கொண்டாள்.

“காலைல அப்பா ஏதாவது சொன்னாராம்மா? வலிக்குது, அது இதுன்னு?”

“ஒண்ணும் சொல்லலை.”

அது பொய்யில்லை. மகள் தலையாட்டினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“நான் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். நீ தனியா இருந்துப்பியாம்மா?”

அவள் மேஜை விரிப்பில் இல்லாத சுருக்கத்தைக் கையால் நீவினாள்.

“ம். எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். நீ போயிட்டு வா.”

“சரிம்மா.”

மகள் செருப்பைத் தேடினாள். ஞாயிற்றுக்கிழமை போனிலும் இதே மாதிரிதான். எல்லாம் ஓகேவாம்மா என்பாள், ஓகேடி என்பாள் இவள், உடனே பேச்சு வேறெங்கோ போய்விடும். போனை வைத்த பிறகு இவளுக்குத் தொண்டையில் ஒரு வாக்கியம் மிச்சமிருக்கும். அவரிடமும் அதை எத்தனையோ நாள் சொல்ல நினைத்ததுண்டு, விளக்கை அணைத்தபின், திரும்பிப் படுத்தபின். முடிந்ததில்லை.

கதவு திறந்தது. படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு படி, இரண்டு படி.

“ஏய், நில்லுடி.”

சத்தம் நின்றது. மகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். “என்னம்மா? எதையாவது விட்டுட்டேனா?”

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே காரை ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டது.

“நல்லாத்தான் இருக்கேன்னு சொன்னேன்ல, அதை அப்படியே எடுத்துக்கிட்டுப் போயிடாதே,” என்றாள். “இன்னொரு தடவை கேளு.”