வெட்டி எறிந்த ‘ன்னு’

கட்சித் தலைவரைப் பற்றிய ஆவணப்படத்தின் முன்னோட்டத்தை நர்ஸம்மா மருந்து அறையில் நின்றபடியே, கூட வேலை செய்பவளின் போனில் பார்த்தாள். திரையில் அவள் முகம். “அவர் சொல்லித்தான் கேட்டைப் பூட்டினாங்க.” அவ்வளவுதான்.

அவள் சொன்னது வேறு. கலவரத்தன்று அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தார்கள். பெரிய டாக்டருக்கு ஒரு போன் வந்தது, கேட்டைப் பூட்டிவிட்டார்கள். “அவர் சொல்லித்தான் கேட்டைப் பூட்டினாங்கன்னு ஊரே பேசுது. போன்ல யாருன்னு எனக்குத் தெரியாது” என்றுதான் சொல்லியிருந்தாள். அந்த ‘ன்னு’விலிருந்து மிச்சத்தை நறுக்கிவிட்டார்கள்.

படமெடுத்த இயக்குநரைப் போனில் பிடித்தாள்.

“ஊர் பேசுறது பொய்யாக்கா? அந்த ஆள் எப்படிப்பட்டவர்னு உங்களுக்கே தெரியுமே” என்றான் அவன்.

“பொய்யோ மெய்யோ, நான் பார்க்கலையே தம்பி. நீங்க பாட்டுக்குப் படத்தை எடுத்துட்டுப் போயிடுவீங்க. நான் இங்கதானே குடியிருக்கணும்.”

“நாளைக்கு வெளியீடு. இனிமே கை வைக்க முடியாதுக்கா.”

வீட்டுக்கு வந்தால் கணவர் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். “வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியலையா உனக்கு?” என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் கதவு தட்டப்பட்டது.

இரண்டு பேர். ஒருவன் கையில் கேமரா. மற்றவர் வெள்ளைச் சட்டைக்காரர், சிரித்த முகம்.

“பயப்படாதீங்கம்மா. நாங்களும் தலைவரைப் பத்திப் படம்தான் எடுக்கிறோம். அவரே போன் போட்டுக் கேட்டைத் திறக்கச் சொன்னார்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.” பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “பொண்ணு காலேஜுக்கு எந்த பஸ்ல போகுது?”

சொல்லித் தொலைத்துவிடலாம் என்று நர்ஸம்மாவுக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கலவரத்தன்று கேட் கம்பியைப் பிடித்தபடியே உயிரை விட்ட ஒருவரின் முகம் குறுக்கே வந்து நின்றது.

“போன்ல யாருன்னு எனக்குத் தெரியாது” என்றாள்.

திரும்பக் கேட்டார். அதையே சொன்னாள். எப்படித் திருப்பிப் போட்டுக் கேட்டாலும் அதே பதில்.

“இதை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதுண்ணே” என்று கேமராக்காரன் முணுமுணுத்தான்.

“யோசிச்சு வைங்கம்மா. மறுபடியும் வர்றோம்” என்று சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டைக்காரர் கும்பிட்டார்.

இரண்டு படமும் வெளிவந்தன. ஒன்றில் அவளுடைய பாதி வாக்கியம். மற்றதில் அவளே இல்லை. இயக்குநருக்கு விருது கிடைத்தது. மகளைப் பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள். தெருவில் மோட்டார் சைக்கிள் வேகம் குறைந்தால் போதும், நர்ஸம்மா அடுப்பை அணைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.