ஷேக் முகத்துக்காக விட்ட தாடை

சாசிப் தர வேண்டியிருந்தது ஒரு கோடியே ஐம்பத்திரண்டு லட்சம் தினார். தம்பி கல்யாணத்தில் அவன் வானத்தைப் பார்த்துச் சுட்ட தோட்டா, இறங்கும்போது ஊர்வலத்தில் நின்ற மீன்காரன் முதாஷரின் பொட்டெலும்பைப் பெயர்த்துத் தாடை மூட்டையும் நொறுக்கிவிட்டது. வாய் பூட்டிக்கொண்டது. விழுந்த பல்லின் சந்தில் குழாய் விட்டுக் கஞ்சி உறிஞ்சினான்.

மண்டைத் தகட்டுக்கும் மூட்டுக்கும் பாஸ்ராவில் சொன்ன விலைதான் அந்தத் தொகை. ஆனால் பஞ்சாயத்துப் பந்தலில், நட்டஈட்டில் ஒரு பங்கை மரியாதைக்காக விட்டுக்கொடுக்கும் வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே! முதாஷரின் அண்ணன் எழுந்தார். "அல்லாஹ்வுக்காக இருபது லட்சம் விட்டோம்." கூட்டம் வாழ்த்தியது. "நடுவுல உக்காந்திருக்கிற ஷேக் ஹஸ்அல் முகத்துக்காக ஐம்பது லட்சம் விட்டோம்." இன்னும் பலமாக வாழ்த்தியது. மிச்சம் எண்பத்திரண்டு. சாசிப் எருமைகளை விற்று, செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிக் கட்டினான். ஊர்க்கணக்கில் கடன் தீர்ந்தது.

தகடும் மூட்டும் செய்யும் பாஸ்ராக்காரன் யார் முகத்துக்காகவும் எதையும் விடவில்லை. முதாஷரின் எலும்பை ஸ்கேனில் அளந்து, டைட்டானியப் பொடியை அடுக்கடுக்காக உருக்கி அச்சடித்த சாமானை அலமாரியில் பூட்டிக்கொண்டு, "முழுப்பணம் வரட்டும்" என்றான்.

சாசிப் பார்க்கப் போனபோது முதாஷரின் மனைவி பக்ரியா வாசலிலேயே நிறுத்தினாள்.

"உள்ள வந்து என்ன பாக்கப்போற? பந்தலுக்கு வந்தவனெல்லாம் எம் புருஷன் தாடையில ஆளுக்கொரு துண்டு பிச்சிக்கிட்டுப் போயிட்டான். நாள் போச்சுன்னா எலும்பு மாறிடுமாம். அப்புறம் அந்தச் சாமான் இவருக்கே பொருந்தாதாம். வேற எவன் மூஞ்சிக்கு மாட்டுறது, உனக்கா?"

அவன் நேராக ஷேக்கின் வரவேற்பறைக்குப் போனான். காப்பி ஊற்றினார்கள். வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தான். கேட்டதைத் தருவதாக வீட்டுக்காரர் சொல்லாதவரை வந்தவன் கோப்பையைத் தொடமாட்டான், அதுதான் முறை.

"என்ன வேணும்ப்பா?"

"உங்க முகத்துக்காக விட்ட ஐம்பது லட்சத்தைத் திருப்பிக் குடுங்க, ஷேக்."

"சூளைப் புகை மூளைக்கு ஏறிடுச்சு இவனுக்கு," என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

ஷேக் சிரிக்கவில்லை. "அது எனக்குச் செஞ்ச மரியாதை. நான் பணம் வாங்கலையே."

"வாங்கல, ஷேக். ஆனா அந்த மரியாதைதான் அவன் வாய்க்குப் பூட்டா நிக்குது. வேணும்னா என்னைச் சுட்டுப்போடுங்க. அவன் கஞ்சி உறிஞ்சுற சத்தம் என்னைத் தூங்கவிடல."

மதியத் தொழுகைக்கு எல்லோரும் எழுந்து போனார்கள். திரும்பி வந்தார்கள். அவன் அங்கேயேதான் இருந்தான். காப்பியில் ஈ விழுந்து கிடந்தது. சாப்பாட்டுத் தட்டு வந்தது, ஷேக்கும் தொடவில்லை. வெகுநேரம் கழித்து, "புதுசா ஊத்துங்கடா," என்றார். "குடிப்பா. நாளைக்கு அனுப்புறேன்."

இருபது லட்சம் அல்லாஹ்வின் பங்கு. அதை எந்த வாசலில் போய்க் கேட்பது? கல்யாணத்தில் சுட்ட அந்தத் துப்பாக்கியை விற்றான். பதினாறுதான் தேறியது. மிச்சத்துக்குத் தம்பி மனைவி, கேட்காமலே, கல்யாண வளையலைக் கழற்றிக் கையில் வைத்தாள்.

மூட்டு பொருந்தியது. அடிபட்ட பக்கம் சிரிப்பு வராது என்றார் டாக்டர்.

கட்டுப் பிரித்த பிறகு சாசிப் போனான். பக்ரியா உள்ளே விட்டுத் தேநீரை வைத்தாள். அவன் தொடவில்லை, தலையும் நிமிரவில்லை.

முதாஷர் கையால் தாடையைத் தாங்கிக்கொண்டான். ஒரு விரல் நுழையும் அளவுக்கு வாய் திறந்தது. நெற்றி வியர்த்தது.

"குடிடா," என்றான். "தீந்துச்சு."