ஏழாம் நம்பர் வீட்டின் நான்காம் மாடி

வேலம்பாளையத்தில் தெய்வாத்தாளுக்குச் சொந்தமான எட்டு லைன் வீடுகளில் ஏழாம் நம்பர் வீடு, 2003ஆம் ஆண்டு ஆனி மாதம் முதல், ஜப்பான் தேசத்துக் கியோட்டோ நகரில் நல்ல ஓட்டல் ஒன்றின் நான்காம் மாடியில் இருந்தது. தகரம் அடித்த கதவு மட்டும் பொதுத் தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே பழைய இடத்திலேயே இருந்தது. அங்கே குடியிருந்தவர்கள் சங்கரன்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்த இசக்கிமுத்துவும் அவன் மனைவி கருத்தம்மாவும் ஆவர். பனியன் கம்பெனியில் அவன் டெய்லர், அவள் செக்கிங். தைத்து வரும் துணியை விளக்கின்கீழ் விரித்து, பிழை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவது அவள் தொழில். அத்துணி சரிசெய்யப்பட்டுத் திரும்பி வந்தால் 'பாஸ்' ஸ்டிக்கரை ஒட்டி அனுப்புவாள்.

முதல் நாள் அடுப்பு மேடையைக் காணாமல் கருத்தம்மா சற்றுத் திகைத்தாள். பிறகு அடுப்பை வாசலுக்கு மாற்றிக்கொண்டாள். உள்ளே வெண்ணிற விரிப்பிட்ட கட்டிலும், சுடுநீர் நிறைந்த குளியல் தொட்டியும், ஜன்னலுக்கு வெளியே ஐந்தடுக்குக் கோபுரம் ஒன்றும் இருந்தன. மேசைமேல் கிடந்த காகிதத்தைக் கம்பெனியில் ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண்ணிடம் காட்டி, அது ஆயிரம் ஆண்டுகள் அரசர்கள் வாழ்ந்த ஊர் என்பதை அறிந்துகொண்டாள். ரேஷன் கார்டைத் தவிர வேறு ஆவணம் இல்லாத காரணத்தால், தம்பதியர் ஓட்டலுக்குள் திறக்கும் மறு கதவு வழியாக ஒருநாளும் வெளியே சென்றதில்லை. அவள் மகிழ்ந்தது வேறொன்றுக்காக. பல ஆண்டுப் பஞ்சுத்தூசி நெஞ்சில் தங்கி, இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் படுத்தால் இருமிக்கொண்டே கிடக்கும் இசக்கிமுத்து, அந்தக் கட்டிலில் ஒரு முறையும் இருமவில்லை.

மறு ஆண்டு மாசி மாதம் ஒரு காலையில், படுக்கை விரிப்பின் ஓரத்தில் இரண்டு தையல் விட்டுப்போயிருப்பதைக் கருத்தம்மா கண்டாள். அவள் நினைக்கும் முன்பே அவள் கை, கம்பெனியிலிருந்து முந்தானையில் முடிந்து வந்த அம்பை ஒட்டிவிட்டது. மறுநாள் ஓட்டலிலிருந்து கோட்டு அணிந்த மூவர் வந்து இடுப்பு வரை குனிந்து நின்றனர். கம்பெனியில் அம்பு ஒட்டினால் டெய்லர் முறைப்பான், சூப்பர்வைசர் கத்துவான். குனிந்தவர் எவரும் இல்லை. அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. "ரெண்டு தையலுதான்யா, நிமிருங்க," என்றாள். அவர்கள் நிமிரவில்லை. பிழைக்குப் பரிகாரமாக அறையை ஆறாம் மாடிக்கு உயர்த்திவிட்டனர்.

அன்று மாலை ஏழாம் நம்பர் கதவுக்குப் பின்னே சிமெண்டுத் தரையும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் மட்டுமே இருந்தன. உயர்ந்த அறை உயர்ந்த வீட்டுக்குத்தானே போகும்! லைன் வீடுகளுக்கு முன்னிருந்த தெய்வாத்தாளின் மாடி வீட்டில், அரிசி மூட்டை அடுக்கிய அறைக்குள் அது போய்ச் சேர்ந்திருந்தது. இசக்கிமுத்துவுக்கு இருமல் திரும்பியது. பத்தாம் நாள் அவனால் மெஷினில் உட்கார முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் கருத்தம்மா மாடியேறினாள்.

தெய்வாத்தாள் தொட்டி விளிம்பில் அமர்ந்து, கால்களை முழங்கால் வரை சுடுநீரில் விட்டிருந்தாள்.

"வா அம்மிணி. எம்பட முட்டி வலி எங்க போச்சுன்னே தெரியல. மருமகளுக்குக்கூடச் சொல்லல, வந்தா எந்திரிக்க மாட்டா."

"ரூம்பு எங்களுக்கு வந்ததும்மா. நான் ஒட்டுன அம்பாலதான் இங்க ஏறிட்டு. தச்சுக் குடுத்துப் பாஸ் போட்டேம்னா கீழ எறங்கிரும்."

"எறங்கிட்டா? எம் முட்டிய என்ன பண்றது?"

அப்போது லைன் வீட்டிலிருந்து இருமல் எழுந்து, மாடி ஜன்னல் வழியே உள்ளே வந்து, நிற்காமல் நீண்டது. தெய்வாத்தாள் அது ஓயட்டும் என்று காத்திருந்தாள். ஓயவில்லை.

"அது உம் புருசனா?"

"ஆமாம்மா."

"இத்தன நாளும் பக்கத்து மில்லுல ஏதோ மோட்டார் சரியில்லையாக்கும்னு நெனச்சிட்டிருந்தனே!" என்றாள் தெய்வாத்தாள். காலை வெளியே எடுத்துச் சேலை முந்தானையால் துடைத்தாள். "ஊசி அந்தப் பிஸ்கட் டப்பாவுல கெடக்குது, எடுத்துக்க."

அம்பு ஒட்டிய விரிப்பு, மன்னிப்புக் கடிதத்துடன் மேசைமேல் ஒரு பெட்டியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. கருத்தம்மா இரண்டு தையலையும் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, அம்பை உரித்து 'பாஸ்' ஒட்டினாள். இருவரையும் சுற்றி அரிசி மூட்டைகள் முன்போல் அடுக்கி நின்றன.

அதன்பின் ஏழாம் நம்பர் வீடு நான்காம் மாடியை விட்டு அசையவில்லை. மின்கணக்கெடுக்க வருபவர் அந்தக் கதவருகே மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு மீட்டரைப் பார்ப்பார். ஞாயிறு மதியம்தோறும் தெய்வாத்தாள் துண்டுடன் வந்து முட்டியை நனைத்துச் செல்வாள். அவள் பேச்சை ஆரம்பித்தால், "மெள்ளம்மா, அவுக தூங்குதாக," என்பாள் கருத்தம்மா. அந்த அறையின் ஜன்னல் திரையில், கீழ்மடிப்பின் இடது மூலையில், ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது. கருத்தம்மா அதைத் தினமும் பார்க்கிறாள். அம்பு ஸ்டிக்கர்களைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வருகிறாள்.