எழுபத்தொன்றும் பதினேழும்

கையெழுத்து விஷயத்தில் கேஷியர் அக்காவை யாரும் ஏமாற்ற முடியாது. முப்பத்தோரு வருஷம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள். மனிதர்களின் முகம் மறந்துபோகும், அவர்கள் கையெழுத்து மறக்காது. ஓய்வு பெற்று ஒரு மாதம்கூட வீட்டில் சும்மா இருக்க முடியாமல், குடியிருப்போர் உரிமைச் சங்கத்துக்குக் கணக்கு எழுத வந்து சேர்ந்திருந்தாள். அச்சகத்தின் மாடியில் இரண்டு அறைகள். கீழே மெஷின் ஓடும்போது மேஜைமேல் இருக்கும் பேனா தானாக நகரும்.

சங்கத்தின் வேலை, வாடகை வீடுகளில் இருக்கிறவர்களுக்கு அவர்கள் உரிமையைச் சொல்லிக் கொடுப்பது, திடீரென்று காலி செய்யச் சொன்னால் வழக்கறிஞர் வைத்துக் கொடுப்பது, நீதிமன்றத்துக்கு மனு போடுவது. செலவில் பாதிக்கு மேல் ஒரே ஒரு அறக்கட்டளையின் பணம். அந்தப் பணத்தில்தான், ஒரு கம்பெனிக்குச் சொந்தமான நூற்றிருபது வீடு கொண்ட வரிசைக் குடியிருப்பில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடந்தது. வகுப்பு நடத்துகிறவனுக்கு எல்லாரும் வைத்த பெயர் மைக். ஒலிபெருக்கி இல்லாமலே இரண்டு தெருவுக்குக் கேட்கிற தொண்டை.

மைக் கொண்டுவந்து கொடுத்த வருகைத் தாள்களை அன்று காலை அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறக்கட்டளைக்குப் பட்டியல் போக வேண்டும். நான்காவது தாளில் அவள் கை நின்றது.

நாற்பத்திரண்டு கையெழுத்து. நாற்பத்திரண்டும் ஒரே கை.

பேனாவை மாற்றியிருந்தான், சாய்வை மாற்றியிருந்தான், இரண்டு இடத்தில் கைநாட்டுக்கூட வைத்திருந்தான். ஆனால் கடைசி எழுத்தை முடிக்கும்போது கீழே ஒரு சின்ன இழுப்பு. அதை மறைக்க அவனுக்குத் தெரியவில்லை. அடுத்த தாளிலும் அதே இழுப்பு. அதற்கடுத்ததிலும். பழைய தாள்களை எடுத்துப் பார்த்தாள். முதல் மூன்று மாதத் தாள்களில் விதவிதமான கைகள், மசி கொட்டினது, கோட்டைத் தாண்டினது, எல்லாம் உயிரோடு இருந்தன. நடுவில் எப்போதோதான் இது தொடங்கியிருக்கிறது.

டீ, பிஸ்கட் ரசீதுகளைக் கூட்டினாள். வாராவாரம் நாற்பது பேருக்கு. கூட்டமே நடக்காமல் டீ யார் குடித்தது?

மத்தியானம் மைக் வந்தபோது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள். “போன வாரம் எத்தனை பேர் வந்தாங்க தம்பி?”

“தாள்ல இருக்குமே அக்கா.”

“தாள்ல இருக்கு. நீ சொல்லு.”

“நாப்பது, நாப்பத்தஞ்சு இருக்கும். ஏன், கணக்கு இடிக்குதா?”

“கணக்கு இடிக்கல.”

“அப்புறமென்ன?” என்று சொல்லிவிட்டு, வந்த வேலையை மறந்தவன்போலக் கிளம்பிவிட்டான். அவன் காலில் புதுச் செருப்பு இருந்தது. அதையும் அக்கா மனதில் குறித்துக்கொண்டாள்.

வீட்டில் கணவரிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “ஒருத்தன் புதுச் செருப்பு போட்டா திருடனா? அப்படிப் பார்த்தா நீ வாங்கிக் குடுத்த சட்டைக்கு என்னை எப்பவோ உள்ள தள்ளியிருக்கணும்.”

“சிரிக்காதீங்க. ஏழை ஜனங்க பேர்ல வர்ற பணம்.”

மறுநாள் தலைவியிடம் போனாள். பள்ளி ஆசிரியையாக இருந்து சங்கத்தைத் தொடங்கியவள் என்பதால் எல்லாருக்கும் அவள் டீச்சர். தாள்களை மேஜைமேல் பரப்பினதும் டீச்சரின் முகத்தில் ஆச்சரியம் வரும் என்று அக்கா எதிர்பார்த்தாள். வரவில்லை. டீச்சர் தாள்களை அடுக்கி, ஓரம் தட்டி, திருப்பிக் கொடுத்தாள்.

“இதை வேற யாருக்காவது காட்டினீங்களா?”

“இல்லை.”

“சரி. நான் பாத்துக்கறேன். பட்டியலை இப்ப அனுப்ப வேண்டாம்.”

அவ்வளவுதான். யார் செய்தது, ஏன் செய்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து டீச்சரும் மைக்கும் உள்ளறையில் பேசிக்கொண்டிருப்பார்கள், அவள் காலடி கேட்டதும் பேச்சு நின்றுவிடும். பட்டியல்கள் இருக்கும் அலமாரிக்குச் சாவி இரண்டு. ஒன்று டீச்சரிடம், ஒன்று அவளிடம். அவளுடையதை ஒருநாள் டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டாள், பூட்டைச் சரிபார்க்க வேண்டுமாம். பூட்டுக்கு ஒரு கேடும் இல்லை. இரண்டு பேரும் கூட்டு, நம்மை ஓரங்கட்டுகிறார்கள் என்று அக்கா முடிவு கட்டினாள்.

சனிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் குடியிருப்புக்குப் போனாள். வகுப்பு நடப்பதாகக் கணக்கில் இருக்கிற பொது அறை வாசலில் பூட்டு தொங்கியது. பூட்டில் தூசி. நான்கு மணிக்கு வகுப்பு, இப்போது நாலேகால். அவளுக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது, மறுக்க முடியாது. நினைத்தது சரியாகப் போகும்போது வருகிற, கொஞ்சம் கசப்பான திருப்தி.

எதிரே ஒரு கொட்டகையில் இஸ்திரிக்காரி நின்றிருந்தாள். பெட்டியில் கரி இல்லை, மேஜையில் ஒரே ஒரு சட்டை. நான்காம் வரிசைக்குப் பொறுப்பாளர் என்று முதல் பட்டியலில் அவள் பெயரை அக்காவே தட்டச்சு செய்திருக்கிறாள்.

“இங்க வகுப்பு நடக்கறதில்லையா?”

“என்னை ஏன் கேக்கறீங்க?” அவள் நிமிரவில்லை. “எங்க நடக்குதுன்னு எனக்குச் சொல்லவா போறாங்க?”

“நீங்க பொறுப்பாளர்தானே?”

“இருந்தேன்.” அந்த ஒரு சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “வரிசைக்கு ஒருத்தர்னு ஆறு பேர். அஞ்சு பேருக்குக் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்துச்சு. எனக்கு வரல. அதனால நான்தான் கம்பெனிக்குப் பேரைக் குடுத்தேனாம். மூணு மாசமா ஒருத்தரும் துணி போடறதில்ல. பேசறதுமில்ல. நீங்க யாரு, கம்பெனி ஆளா, சங்கத்து ஆளா?”

“சங்கம்தான். ஆனா நோட்டீஸ் ஆறு வந்ததே?”

“ஆறாவது, பாவம், பதினேழாம் நம்பர்ப் பெரியவருக்கு. ஒரு கூட்டத்துக்கும் வராத மனுஷன். பயந்துபோய் மறுவாரமே சாமானைக் கட்டிக்கிட்டு மக வீட்டுக்குப் போயிட்டாரு. அவருக்கு ஏன் வந்துச்சுன்னு யாருக்கும் தெரியல.”

“உங்க வீடு என்ன நம்பர்?”

“எழுவத்தொண்ணு.”

வங்கியில் மாலைக் கணக்கு இடித்தால் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் யாரோ இரண்டு எண்ணை இடம் மாற்றி எழுதியிருக்கிறார்கள். எழுபத்தொன்றில் பதினேழு போனால் ஐம்பத்து நான்கு. ஆறு ஒன்பது ஐம்பத்து நான்கு. அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தது அக்காதான். கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னம்மா, தண்ணி வேணுமா?” என்று கேட்டாள் இஸ்திரிக்காரி.

அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். வந்த வழியே பஸ் பிடித்தாள்.

அலுவலகத்தில் யாருமில்லை. அலமாரி பூட்டியிருந்தது, ஆனால் தட்டச்சு செய்த பட்டியலின் நகல் அவள் மேஜைக் கோப்பிலேயே இருந்தது. ஆறு வரிசைப் பொறுப்பாளர்கள். நான்காவது பெயருக்கு நேரே, அவள் விரல் தட்டிய எண், 17. கையால் எழுதிய மூலத்தாள் அலமாரிக்குள் இருக்கிறது. அதில் 71 என்றுதான் இருக்கும், பார்க்காமலே அவளுக்குத் தெரியும். இந்தத் தப்பு இந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. இந்தத் தாள் போனது ஒரே ஓர் இடத்துக்கு, அறக்கட்டளைக்கு.

அறக்கட்டளையின் ஆண்டு மலரை எடுத்தாள். வழவழப்பான தாளில், சிரித்த முகங்கள் எல்லாம் தாண்டி, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அறங்காவலர்கள் பெயர். காலி செய்யும் நோட்டீஸின் நகலைப் பக்கத்தில் வைத்தாள். குடியிருப்புக் கம்பெனி சார்பில் கையெழுத்துப் போட்டவர் அறங்காவலர்களில் நான்காவது ஆள். அறக்கட்டளை அந்தப் பட்டியலில் பொறுப்பாளர் என்று தனியாக ஒரு பத்தியைக் கேட்கவே இல்லை. சுத்தமாக இருக்கட்டும் என்று அவளாகச் சேர்த்தது அது.

கீழே மெஷின் ஓடத் தொடங்கியது. அக்கா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிழித்துப்போட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. கையெழுத்துப் போட்டு ஏமாற்றியவன் மைக், பார்த்தும் பார்க்காமல் இருந்தவள் டீச்சர் என்று அவளே தீர்ப்பு எழுதிவிட்டாள், காட்டிக் கொடுத்தவள் இஸ்திரிக்காரி என்று குடியிருப்பே ஏற்கெனவே எழுதிவிட்டது. தாளின் ஓரத்தை மடித்தாள், நிமிர்த்தினாள். மெஷின் நிற்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு டீச்சருக்குப் போன் செய்தாள்.

“உடனே வாங்க. அவனையும் கூட்டிட்டு வாங்க.”

வந்தார்கள். அக்கா தான் தட்டச்சு செய்த பட்டியலைக் காட்டினாள், எண்ணைக் காட்டினாள், கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். மைக் முதன்முறையாக மெதுவாகப் பேசினான்.

“அக்கா, நோட்டீஸ் வந்ததும் நான் பொது அறையை விட்டுட்டேன். தண்ணி மோட்டார் ரூமுக்குள்ளதான் வகுப்பு. ஜனங்க கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாங்க. அறக்கட்டளைக்கோ தாள் வேணும். அதான் இல்லாத பேரா எழுதி நானே போட்டேன். டீச்சருக்குத் தெரியும்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

டீச்சர் மைக்கைப் பார்த்தாள். அக்காவுக்குப் புரிந்தது.

“கம்பெனிக்குப் பேரைக் குடுத்தது நான்னு சந்தேகப்பட்டீங்க.”

“சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு,” என்றாள் டீச்சர். “நீங்க வந்து ஆறு மாசம்தான். பெரிய வங்கியில இருந்தவங்க, சம்பளமே வாங்காம ஏன் வந்து உக்காந்திருக்கீங்கன்னு எனக்குத் தோணுச்சு. மன்னிச்சுக்கங்க.”

“நான் உங்க ரெண்டு பேரையும் பணம் தின்னவங்கன்னு நினைச்சேன்.”

மைக் சிரித்துவிட்டான். பிறகு, சிரிக்கக் கூடாது என்று ஞாபகம் வந்தவன்போல நிறுத்தினான்.

செயற்குழு கூடியது. இனி யார் பெயரும் வெளியே போகாது, எண்ணிக்கை மட்டும்தான் என்று அறக்கட்டளைக்கு எழுதினார்கள். பெயரில்லாமல் சரிபார்க்க முடியாது, ஆகவே அடுத்த தவணை நிறுத்தப்படுகிறது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. பட்டியல் எப்படிக் கம்பெனிக்குப் போனது என்ற கேள்விக்குப் பதிலே வரவில்லை. அந்த நான்காவது ஆள் கேட்டு வாங்கினாரா, யாரோ குமாஸ்தா எடுத்துக் கொடுத்தாரா, கடைசிவரை தெரியவில்லை. மைக் போட்ட பொய்க் கையெழுத்துத் தாள்களையும் மறைக்கக் கூடாது என்று அக்கா ஒற்றைக் காலில் நின்றாள். அந்த மாதங்களின் செலவைத் திருப்பிக் கட்டினார்கள். கையிருப்பு துடைத்ததுபோல ஆனது. இரண்டு அறையில் ஒன்றைக் காலி செய்தார்கள். மைக்குக்குச் சம்பளம் நின்றது. அவன் சரக்கு வண்டி ஓட்டப் போனான், சனிக்கிழமை மட்டும் வந்தான்.

அடுத்த சனிக்கிழமை மோட்டார் அறையில் அக்கா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர், தான் சொல்வதாகச் சொல்லியும் அக்கா கேட்கவில்லை. அறை முழுக்க ஆட்கள், மூச்சு விட இடமில்லை. வாசலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த இஸ்திரிக்காரியை, ஐந்து பொறுப்பாளர்களில் ஒருத்தி போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

“நீங்க சொன்னதுக்கு நல்லா இருங்கம்மா,” என்றாள் அக்காவிடம். மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். “நாளைக்கு எல்லாரும் துணியைத் தூக்கிட்டு வராதீங்க. யாருக்குத் தேச்சுக் குடுக்கறது, யாருக்கு முடியாதுங்கறதுன்னு நான் இன்னும் யோசிக்கல.”

வழக்கறிஞர் அந்தப் பதினேழைப் பிடித்துக்கொண்டார். நோட்டீஸில் வாடகை பாக்கி என்றுதான் காரணம் போட்டிருந்தது. பெரியவர் ஒரு மாதம்கூட வாடகை தவறாதவர், ரசீதெல்லாம் வைத்திருக்கிறவர். தவறான பட்டியலைப் பார்த்தே நோட்டீஸ் அனுப்பப்பட்டது என்பதற்கு அவரைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அவர் வர வேண்டும்.

அக்கா அவர் மகள் வீட்டைத் தேடிப் போனாள். பால்கனியைத் தடுத்துப் போட்ட கட்டிலில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். காலடியில் கட்டுப் பிரிக்காத இரண்டு மூட்டை.

“உங்க வீடு போனதுக்கு நான்தான்யா காரணம்,” என்று தொடங்கினாள்.

அவர் முழுக்கக் கேட்டார். முடிந்ததும், “உங்களை யார் அனுப்பினா?” என்றார்.

“யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க.” கதவுப் பக்கம் பார்த்து மகளைக் கூப்பிட்டார், வந்தவளின் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். மகளுக்கு வெட்கமாகிவிட்டது. அக்கா தானே பையைத் திறந்து கட்டில்மேல் கவிழ்த்தாள். கண்ணாடிக் கூடு, பஸ் டிக்கெட், மாத்திரை, பட்டியலின் நகல். பெரியவர் நகலை எடுத்து, அந்த எண்ணைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“இது நீங்க அடிச்சதா?”

“ஆமாய்யா.”

“நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“வேண்டாம்யா.”

“வந்து வாயால சொல்றேன். ரசீது என் கையிலேயே இருக்கும், யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்.”

விசாரணை அன்று, ரசீதுக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். நீதிபதி பார்க்கக் கேட்டபோதுகூட ஒவ்வொன்றாகத்தான் நீட்டினார், பார்த்து முடித்ததைத் திரும்ப வாங்கிய பிறகே அடுத்ததைக் கொடுத்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஐந்து குடும்பங்களையும் வெளியேற்றக் கூடாது என்று தடை கிடைத்தது. பதினேழாம் எண் வீட்டில் அதற்குள் வேறு ஆட்கள் குடிவந்துவிட்டார்கள். அதற்குத் தனி வழக்குப் போட வேண்டும் என்றார் வழக்கறிஞர்.

வெளியே படியில் பெரியவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

“அந்த வழக்கையும் போடலாம்யா. சங்கமே செலவு செய்யும்.”

“சங்கத்துல பணம் இருக்கா?”

“இல்லை. வசூல் பண்ணணும்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “இல்லைன்னு சொல்றீங்களே, அதுவரைக்கும் சரி,” என்றார். “போடுங்க. ஆனா நம்பரை என் முன்னாடி எழுதுங்க.”