யாவருக்கும்

1932ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் ஞாயிறன்று, கண்டிச் சீமையில் கலஹாவுக்கு மேலேயிருந்த தேயிலைத் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயிலில், அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து ஆராதனை நடந்தது.

கைக்குழந்தையோடு சலோமி வாசலோரப் பாயில் உட்கார்ந்திருந்தாள். தாலி கட்டாமல் பிள்ளை பெற்றவள் என்று, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அவளைத் திருவிருந்திலிருந்து விலக்கி, அங்கே உட்கார வைத்திருந்தார். பிள்ளைக்குத் தகப்பன், கூலியாட்களை மேய்க்கும் தேவசகாயம் கங்காணி என்பது தோட்டத்துக்கே தெரியும். அவன் பெண்டாட்டியோடு முன்வரிசை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தான்.

கண்டியிலிருந்து ஆராதனை நடத்த வந்திருந்த பாதிரியார் ஐயர், "மனந்திரும்புகிற யாவருக்கும் மன்னிப்பு உண்டு" என்று வாசித்தார்.

குனிந்தே பழகிய சலோமிக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. அழுது கேட்ட மன்னிப்பைக் கடவுள் என்றைக்கோ தந்துவிட்டார். மறித்துக்கொண்டு நிற்பது இந்த மனிதர்கள்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே முன்னால் போனாள்.

உபதேசியார் குறுக்கே வந்தார். "ஒன்னைய இன்னும் சேக்கல புள்ள. பாயில போயி உக்காரு."

"யாவருக்கும்னு ஐயரு இப்பத்தானே சொன்னாரு. அதுல நான் இல்லையாங்க? இந்தப் புள்ளய நான் தனியாவா பெத்தேன்? கங்காணிக்கு எங்க பாய் போட்டிருக்கீங்க?"

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். கங்காணி நிமிரவில்லை. சலோமி மண்டியிட்டுக் கையை நீட்டினாள். ஐயர் உபதேசியாரை ஒருமுறை பார்த்துவிட்டு, அப்பத்தை அவள் கையில் வைத்தார். அவள் எழுந்து, எல்லார் முகத்தையும் பார்த்தபடி திரும்பி நடந்தாள்.

கங்காணி அன்று திருவிருந்து எடுக்கவில்லை. அடுத்த மாதம் வேறு தோட்டத்துக் கோயிலுக்குப் போனான். சலோமி பெண்கள் வரிசையில் உட்கார்ந்தாள்.